கதைப் புத்தகங்களில் வரும் அப்பாக்கள்

என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது நானும் அவள் அம்மாவும் பிரிந்தோம். ஏன் பிரிந்தோம் என்று எழுத நான் உட்காரவில்லை. கோர்ட்டில் முடிவானபடி மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நான் மகளைப் பார்க்கலாம். அவர்கள் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அவளுடைய தாத்தாவின் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் சரவணம்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் தங்கிக்கொண்டேன். பக்கத்தில் கணபதி என்கிற இடத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. இன்றைக்கும் அதே வீடு, அதே வேலை.

தோட்டத்துக்கு நான் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வரச் சொல்லியும் யாரும் கூப்பிடவில்லை. அதனால் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பேக்கரியில்தான் நாங்கள் சந்தித்தோம். அவளுடைய தாய்மாமன் பைக்கில் கொண்டுவந்து விடுவார். "வாங்க, சௌக்கியமாருக்கீங்களா?" என்று கேட்பார். பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் வந்து கூட்டிப்போவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். நான் டீ குடித்தேன்.

"ஸ்கூல் எப்படி இருக்குது கண்ணு?"

"நல்லா இருக்குதுங்கப்பா."

"மத்தியானம் என்ன சாப்பிடறே?"

"சோறுதானுங்கப்பா."

அதோடு எங்களிடம் இருந்த பேச்சு தீர்ந்துவிட்டது. வீட்டோடு இருக்கிற அப்பாவுக்குப் பேச விஷயம் தேட வேண்டியதில்லை. காணாமல் போன ரப்பர், ஆறிப்போன பால், பல் விளக்காததற்கு ஒரு சண்டை என்று பொழுது தானாகவே போய்விடும். பேக்கரி மேஜையில் அது எதுவும் கிடைக்காது. அவள் சாலையில் போகிற பஸ்களைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மாமன் எப்போது வருவார் என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

அடுத்த முறை போகும்போது ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். நான் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. பள்ளிப் பாடப் புத்தகத்துக்குப் பிறகு பேப்பரைத் தவிர எதையும் படித்ததில்லை. மகளுக்கு வாசித்துக் காட்டும்போது தடுமாறக் கூடாதே என்று உக்கடத்தில் பஸ் ஏறியதும் அதைத் திறந்தேன். குளத்தில் இறங்கிய எருமை ஒன்று வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. அதை மேய்க்கிற சிறுமி கெஞ்சுகிறாள், திட்டுகிறாள், புல்லைக் காட்டிக் கூப்பிடுகிறாள். எருமை அசையவில்லை. கடைசிப் பக்கத்தில் சிறுமியும் குளத்தில் இறங்கி எருமைக்குப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொள்கிறாள். அவ்வளவுதான் கதை. எருமை வீட்டுக்கு வந்ததா என்று சொல்லவே இல்லை. நாற்பதை நெருங்கிய மனிதன் நான், ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். யாரும் யாரையும் எங்கும் இழுத்துக்கொண்டு போகாத ஒரு கதை எனக்கு அப்போது தேவைப்பட்டிருக்கிறது.

மகளுக்கும் பிடித்தது. எருமையின் குரலை அவளே எடுத்துக்கொண்டாள். "வரமாட்டேன் போ" என்று அவள் கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த எருமைக்கு மூக்கணாங்கயிறே இல்லீங்களேப்பா. கயிறு இருந்தா தாத்தா ஒரே இழுப்புல இழுத்துப்போடுவாரு."

இப்படித்தான் நான் சிறுவர் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு புத்தகம். போகிற வழியில் நான் ஒருமுறை படித்துவிடுவேன். பேக்கரியில் இருவரும் சேர்ந்து படிப்போம். திரும்பும்போது கை காலியாக இருக்கும், புத்தகம் அவளோடு போய்விடும். சில புத்தகங்கள் எனக்குக் கோபத்தை வரவழைத்தன. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு முடிகிற கதைகளைச் சகிக்க முடியவில்லை. சண்டை போட்ட முயலும் ஆமையும் மறு பக்கத்திலேயே சேர்ந்து உட்கார்ந்து கேரட் தின்றால் எனக்கு அதைத் தூக்கி எறியத் தோன்றும். அப்படிப்பட்ட புத்தகங்களை அவளிடம் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துவிட்டேன். குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பயம்.

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது துப்பறியும் கதைகள் வந்து சேர்ந்தன. நான்கு பிள்ளைகள் சேர்ந்து கோயில் சிலையைத் திருடியவனைப் பிடிப்பார்கள், பாழடைந்த பங்களாவுக்குள் போவார்கள், காட்டில் தொலைந்து திரும்பி வருவார்கள். அவளுக்கு அவை உயிர். இப்போது அவளே படித்துவிடுவாள். நான் கேள்வி கேட்பதற்காக மட்டும் முன்னாலேயே படித்துக்கொண்டு போவேன். தொடர்ந்து படித்ததில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கதைகளில் அப்பாவே இருக்கமாட்டார். கப்பலில் வேலைக்குப் போயிருப்பார், அரபு நாட்டில் இருப்பார், இல்லாவிட்டால் இறந்து போயிருப்பார். அம்மா இருப்பாள், அத்தை இருப்பாள், நாய்கூட இருக்கும்.

இதை அவளிடமே கேட்டேன்.

"ஏன் கண்ணு, இந்தப் புள்ளைகளுக்கு அப்பாவே இருக்க மாட்டேங்கறாங்களே?"

அவள் பப்ஸை மென்றபடியே யோசிக்காமல் சொன்னாள். "அப்பா இருந்தா போகாதேன்னு சொல்லிப்போடுவாருங்களே. அப்பறம் எங்கத்த கதை?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று பெருமையாகக்கூட இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்தப் பதிலை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அப்பா இல்லாததால்தான் கதை ஓடுகிறது என்று அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அதில் வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை. தென்னந்தோப்பு, புது சைக்கிள், தாத்தா, மாமன், அத்தை பிள்ளைகள் என்று அவளுடைய வாழ்க்கை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் நான் இல்லாத இடம் எங்கேயாவது பள்ளமாகத் தெரியும் என்று நம்பியிருந்தேன். தெரியவில்லை.

அவள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது இளையோர் நாவல்களுக்கு மாறினேன். கடைக்காரர் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை எடுத்துக் கொடுத்து, "இந்த வயசுப் புள்ளைகளுக்கு ரொம்பப் புடிக்குதுங்க" என்றார். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் முக்கால்வாசி படித்துவிட்டேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியும் அவளுடைய சிநேகிதியும் சண்டை போட்டுக்கொள்வதுதான் கதை. அந்தப் பெண்ணின் பெற்றோர் பிரிந்தவர்கள். அப்பா வேறு ஊரில் இருக்கிறார். வாரம் ஒருமுறை போன் செய்து, சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்கிறார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டு, நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே ம், ம் என்கிறாள். எழுதியவர் அந்த அப்பாவைக் கெட்டவராகக் காட்டவில்லை. நல்ல மனுஷன் என்றுதான் எழுதியிருந்தார். மூன்று பக்கம் வருகிறார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் அவரைக் காணவே இல்லை. கடைசி வரை புரட்டிப் பார்த்தேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று எழுதியவர்கூடக் கவலைப்படவில்லை.

அதுவரை புத்தகங்களில் அப்பா இல்லை என்றுதான் குறைபட்டேன். இப்போது ஒருவர் இருந்தார். என் வயது, என் கேள்விகள், பேச்சு கிடைக்காதபோது நான் இருமுகிற இருமல்கூட அவருக்கு இருந்தது. பொள்ளாச்சி வந்து கண்டக்டர் இறங்கச் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் உள்ளே ஒரு ஆசை கிடந்தது. இவள் இதைப் படித்தால், அந்த மூன்று பக்கத்தில் கொஞ்சம் நிற்பாளோ? அந்த மனிதனைப் பற்றி ஏதாவது கேட்பாளோ? கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை வேறு நினைப்பே இல்லை. அவள் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அந்தப் புக்கு படிச்சியா கண்ணு?"

"படிச்சேனுங்கப்பா. சூப்பரா இருந்துச்சு."

"எந்த இடம் புடிச்சுது?"

"கடைசிலதானுங்க. ரெண்டு பேரும் ராசி ஆகறது."

"அந்த அப்பாவப் பத்தி என்ன நெனச்சே?"

அவள் ஜூஸ் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எந்த அப்பாங்க?"

"போன் பண்ணுவாரே."

"ஓ... ஆமாங்கப்பா. அவரு நல்லவருதானுங்களே" என்றாள்.

அவளுக்கு ஞாபகம் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் வேறு எதையோ பேசினேன். மழை பற்றியாக இருக்கும்.

அதற்கு அடுத்த வருஷம் இன்னொன்று நடந்தது. நான் புதிதாக ஒரு நாவலை நீட்டியபோது அவள் அதை வாங்கவில்லை. மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு அம்மணி."

"நான் கதைப் புக்கெல்லாம் படிக்கறதே இல்லீங்கப்பா. ஏழாவதுலயே உட்டுட்டேன். நீங்க குடுக்கறதுல பின்னாடி அட்டையில போட்டிருப்பாங்கல்ல, அதை மட்டும் பாத்துக்குவேன். நெட்ல கதை முழுசாவே இருக்கும்."

"அப்ப ஏன் கண்ணு படிச்சேன்னு சொன்னே?"

"நீங்க அத்தன தூரம் பஸ்ஸுல படிச்சுட்டு வாரீங்க. இல்லீன்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமுங்களே."

அவள் குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அப்பாவிடம் 'ங்க' போட்டுத்தான் பேசும். நானும் என் அப்பாவிடம் அப்படித்தான் பேசினேன். அதில் ஒன்றும் இல்லை என்று தெரியும். ஆனாலும் அவள் தன் அம்மாவோடு போனில் பேசும்போது, "போம்மா, நீ சும்மா இரு" என்று சிடுசிடுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என்னிடம் அவள் ஒருமுறைகூடச் சிடுசிடுத்தது இல்லை. ஊருக்கு வந்த விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டாள். நான் பேச விஷயம் தேடி அலைந்தது போல, அவளும் எனக்காகத் தேடியிருக்கிறாள். இரண்டு வருஷம் அந்த மேஜையில் படித்தவன் நான் ஒருவன்தான்.

"பரவால்ல கண்ணு" என்றேன். "இன்னொரு பப்ஸ் சொல்லட்டுமா?"

"வேண்டாங்கப்பா, வயிறு நெறஞ்சுபோச்சு."

அவள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அவளுடைய அம்மா போன் செய்தாள். பிரிந்த பிறகும் எங்களுக்குள் சத்தமாக ஒரு வார்த்தை வந்தது கிடையாது.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணுங்க. பாப்பாவுக்கு ஞாயித்துக்கெழம பூராவும் கோச்சிங் வெச்சுப்போட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு இப்படித்தானாமா. லீவு உட்டா நானே கூப்பிட்டுச் சொல்றேனுங்க."

"அவ என்ன சொல்றா?"

"அவதானுங்க உங்ககிட்டச் சொல்லச் சொன்னா. அவளுக்குச் சொல்லச் சங்கடமா இருக்குதாமா."

"சரிங்க" என்றேன். கோர்ட் உத்தரவைப் பற்றிப் பேசியிருக்கலாம். வக்கீலிடம் போயிருக்கலாம். போய், என்னவென்று கேட்பது? வரச் சங்கடப்படுகிற பிள்ளையைக் கூட்டி வந்து உட்கார வைத்து நான் எதைப் படித்துக் காட்ட முடியும்?

வழக்கம் விடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குப் போனேன். பேக்கரிக்காரர், "ஏனுங்க, பாப்பா வரலீங்களா?" என்றார். பரீட்சை என்றேன். டீ வந்தது. கொண்டுபோயிருந்த புத்தகத்தைப் பிரித்து மூன்று நான்கு பக்கம் ஓட்டினேன். எதிர் நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்து, "இது யாருக்காச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை, உட்காருங்கள் என்றேன். அதன் பிறகு நான் அங்கே போகவில்லை.

லீவு விட்டார்கள் என்று போன் வந்தது, இரண்டு முறை. இரண்டு முறையும் அவள் வரவில்லை; ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல், இன்னொரு முறை அத்தை வீட்டு விசேஷம். மற்றபடி பண்டிகைக்கு அவள் போனில் பேசுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். படிக்கிறாயா என்று கேட்கிறேன். கேட்கும்போதே எனக்குத் தெரிகிறது, ஆனால் வேறு கேள்வி வருவதில்லை. அந்தப் பக்கம் ம், ம் என்று சத்தம் வருகிறது.

புத்தகம் வாங்குவதை மட்டும் விட முடியவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் வருகிற நாவல்களாகத் தேடி வாங்கினேன். அவள் என்ன நினைப்பாள், எதற்குக் கோபப்படுவாள், யாரிடம் மனசுவிட்டுப் பேசுவாள் என்று அவற்றிலிருந்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் இருந்தாள், ஆனால் எந்தப் பெண்ணும் என் மகளாக இல்லை. போன வாரம் ஒன்றை ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே கதாநாயகி தன் தங்கையைப் பார்த்துக் கத்துகிறாள். அந்த வரியை மனசுக்குள் வாசித்தபோது, எருமைபோலக் கத்திய சின்னப் பிள்ளையின் குரல்தான் எனக்குக் கேட்டது. அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது. பதினேழு வயதில் என் மகள் கத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேற்கொண்டு ஓடவில்லை. மூடி வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குச் சட்டை தேய்க்கப் போனேன்.