தி.நகரில் தேன்பெட்டிக்கு ஒரு கம்பளி

தி.நகர் நடைபாதை, ஆகஸ்ட் மாத நண்பகல். கோத்தகிரியிலிருந்து இறங்கி வந்த நான் வியர்வை ஒழுக ஒரு கம்பளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

“இன்னாக்கா, இந்த வெயில்ல யாருக்குக் கம்பளி?” என்கிறார் கடைக்காரர்.

“தேனீக்கு. பெட்டி மேல போர்த்த.”

அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். போன பனிக்காலத்தில்தான் தேனீ வளர்க்கக் கற்றுக்கொண்டேன். குளிரில் அவை நெருங்கி நின்று சூடு காக்கும், மூடியைத் திறக்காதே, பெட்டியில் காதை வைத்து ரீங்காரத்தை மட்டும் கேள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். உயிரோடு இருக்கின்றனவா என்று நான் தினமும் திறந்து பார்த்தேன். பதினோராம் நாள் செத்த தேனீக்களைக் கை கையாக அள்ளிக் கொட்டினேன். இப்போது பெட்டியில் புதுக் கூட்டம்; வரப்போகும் பனிக்குத்தான் இந்தக் கம்பளி.

எல்லாம் கேட்டவர், “தொறந்து தொறந்து நீதான்கா சாவடிச்சிகீற,” என்கிறார். “அது சரி, மலையில கெடைக்காத கம்பளியா இங்க கீது?”

மாட்டிக்கொண்டேன். மகள் அடையாறு விடுதியில் சேர்ந்து மூன்று வாரம். இந்த மாதம் வராதே என்றிருந்தாள். வர ஒரு காரணம் வேண்டியிருந்தது.

“பொண்ணு இங்க ஹாஸ்டல்ல இருக்கா.”

அவர் கம்பளியை மடித்து நீட்டுகிறார். “அதையும் தொறந்து பாக்கப் போறியா?”

அடையாறு பஸ்ஸில் கம்பளி மடியில் கொதிக்கிறது. நான் உள்ளே போகப்போவதில்லை. விடுதி மதிலோரம் நின்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

முதல் நாள் தேன்பெட்டி முன்பும் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.