மகளின் போனுக்குத் தவணை

வில்லியனூரில் நான் வேலை பார்த்த செல்போன் கடைக்குத் தவணை கட்ட மாதாமாதம் ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளி வருவார். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். பணம் கட்டியதும் தன் பட்டன் போனை எடுத்து, “மணி அடிக்குதா பாருப்பா” என்பார். நான் மிஸ்டு கால் கொடுப்பேன்.

தவணை, மகளுக்குக் காலேஜுக்காக வாங்கித் தந்த பெரிய போனுக்கு. அவளோ விரும்பியவனோடு போய்விட்டாள். அப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

“அவங்களே கட்டட்டும், விட்டுடுங்கண்ணே” என்றேன் ஒருமுறை.

“கட்டலன்னா லாக் ஆயிடும்னு நீதான சொன்ன? அப்பன்கிட்ட பேசணும்னு அவளுக்குத் தோணுற நேரத்துல போன் தொறக்கலன்னா இன்னா பண்றது?”

கடைசித் தவணையன்றும் தன் போனுக்குக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மணி நன்றாகத்தான் அடித்தது. அது ஓயும்வரை போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே நின்றார்.