ஊருக்குப் போகாத பெட்டி

வேலை விட்டு வந்து தேநீர் குடித்து முடித்ததும், தினமும் மாலையில் ஒரு பெரிய பயணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். படிகளில் இறங்கி, கார்கள் நிற்கும் இடம்வரை போகிறேன். அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அதே பெட்டியோடு திரும்ப ஏறி வீட்டுக்குள் வந்துவிடுகிறேன். சக்கரம் வைத்த பெட்டிதான். ஆனாலும் உருட்டுவதில்லை, குழந்தையைப்போல மார்போடு அணைத்துத்தான் நடக்கிறேன். அதன் கைப்பிடியில் திருச்சி விமான நிலையத்தில் ஒட்டிய பட்டை இன்னும் தொங்குகிறது. உள்ளே இருப்பதோ அரிசி.

மலேசியாவில், மலாக்காவை ஒட்டிய ஆயர் குரோவில் எங்கள் அடுக்குமாடிக்கு லிஃப்ட் கிடையாது. நாங்கள் நான்காம் மாடியில் இருக்கிறோம். முசிறியிலிருந்து இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்த புதிதில், காற்று நன்றாக வருகிறது என்று நானே ஆசைப்பட்டு எடுத்த வீடு. மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். இப்போது பதினைந்து வயது. என் உயரம் வந்துவிட்டாள். சில மாதங்களுக்கு முன் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது வாசல் கிரில் கதவருகே கண் செருகிச் சரிந்தாள். நான் குனிந்து அவள் கைகளுக்கடியில் என் கைகளைக் கொடுத்துத் தூக்கினேன். அவள் எழவில்லை, நான்தான் உட்கார்ந்தேன். மறுபடி முயன்றேன். என் முழங்கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல நடுங்கின. என் மனைவி போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடி சரசு அக்கா மேலே ஓடி வந்தார். வக்கீல் அலுவலகமொன்றில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை பார்ப்பவர், என்னைவிட மூத்தவர். "தள்ளுங்க தம்பி" என்றார். முதுகைக் காட்டிக் குந்தினார். மனைவி பிள்ளையை அதில் சாய்க்க, அப்படியே சுமந்துகொண்டு இறங்கிவிட்டார். கீழ்வீட்டு மலாய்க்காரர் ஹமிட், நாங்கள் 'பாக்சிக்', மாமா என்று கூப்பிடுபவர், அதற்குள் காரைக் கிளப்பியிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். காரில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், என் கையில் யாழினியின் செருப்புகள் இருந்தன. அவ்வளவுதான் என்னால் தூக்க முடிந்திருக்கிறது.

அவள் பிழைத்து வந்துவிட்டாள். இப்போது பழையபடி சண்டை போடுகிறாள், சோற்றில் வெங்காயத்தை ஒதுக்குகிறாள். எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. இரவில் அவள் இருமினால்கூட எழுந்து உட்கார்ந்து, இங்கிருந்து கீழே எத்தனை படி என்று மனம் கணக்குப் போடுகிறது. வார்டில் அவள் கண்மூடிக் கிடந்தபோது மனைவியிடம், "ஊருக்கே போயிடலாம்" என்று சொன்னேன். ஊரில் என் தம்பி ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அன்று, நான் வாசலுக்கு வருவதற்குள் தெருவில் போனவர்கள் அவனை ஆட்டோவில் ஏற்றிவிட்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. பலம் தெருவில் கிடந்தது. இங்கேயே இருப்பதென்றால் அதை நானே வீட்டுக்குள் தயாரித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

உடற்பயிற்சிக்கூடத்துக்கு ஒருநாள் போனேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் எனக்கு மரியாதையாக வழிவிட்டு, குழாய் பழுது பார்க்க வந்தவர் என்று நினைத்து, குளியலறையைக் காட்டினார்கள். அன்றிலிருந்து வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. வீட்டில் இருக்கும் இடமோ சோபாவுக்கும் சாமி மேடைக்கும் நடுவே ஒரு பாய் அளவு. தண்டால் எடுக்கக் கவிழ்ந்தால் தலை முருகன் படத்தடியிலும் கால் செருப்பு அடுக்கிலும் இருக்கும். முதல் வாரம் பாதியில் எழ முடியாமல் அப்படியே கிடந்தேன். மனைவி விளக்கேற்ற வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, அப்படியே வேண்டிக்கிட்டு எந்திரிங்க" என்றாள். கிரில் கதவில் துண்டைச் சுற்றி இழுக்கும் பயிற்சியில் கதவின் தாழ்ப்பாள் கையோடு வந்தது. பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். வாரங்கள் போகப் போக அது பத்துக் கிலோவாயிற்று. ஆனால் பிள்ளை அரிசிப் பையைப்போல அடக்கமாக இருக்கமாட்டாளே. நான் தூக்கிப் பழகும் சுமையும் நீளமாக, வழுக்கிக்கொண்டு, பிடிக்க இடமில்லாமல் இருக்க வேண்டும். அலமாரி மேல் ஏறிப் பார்த்தால் ஊருக்குப் போகும் பெட்டி இருந்தது.

இங்கேதான் நான் ஒன்றை மறந்துவிட்டேன். நம்மவர்கள் கண்ணில் இந்தியாவுக்குப் போகும் பெட்டி ஒருவருக்குச் சொந்தமானதல்ல. அது பொதுச் சொத்து. முதல் மாலையே சரசு அக்கா படியில் நிறுத்தினார். "ஊருக்குப் போறத சொல்ல மாட்டீங்களா தம்பி? நாங்க என்னா, டிக்கெட்டையா புடுங்கிக்கப் போறோம்?" போகவில்லை அக்கா, சும்மாதான் என்றேன். பெட்டியைப் பார்த்தார், வியர்வையில் நனைந்த என் சட்டையைப் பார்த்தார், நம்பவில்லை. உங்களைப்போல என் பிள்ளையைத் தூக்க முடியவில்லையே என்றுதான் இந்த வேலை என்று அவரிடமே எப்படிச் சொல்வது? மறுநாள் என் அம்மாவுக்கென்று ஓலையில் சுற்றிய மலாக்கா வெல்லம் வந்தது. அதற்கடுத்து எதிர்வீட்டு அக்கா, மகள் கல்யாணத்துக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கிவரச் சொன்னார். ரெம்பியாவிலிருந்து சரசு அக்காவின் மாமாகூட ஒரு டப்பா டோடோல், தேங்காய்ப்பாலில் கிண்டிய இனிப்பு, கொடுத்தனுப்பினார். அவரை நான் பார்த்ததே இல்லை.

பாக்சிக் இன்னும் ஒரு படி மேலே போனார். கீழே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவனின் பெட்டியைப் பிடுங்கி, பேருந்து நிலையத்தில் விடுகிறேன் என்று தன் காருக்குள் வைக்கப் போனார். தூக்கியவர் திகைத்து, உள்ளே என்ன என்றார். எனக்கிருந்த மலாயில் உண்மையைச் சொன்னேன்: "பெராஸ்." அரிசி. அவர் என்னை வெகுநேரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "இந்தியாவில் அரிசி இல்லையா?" என்று கேட்டார். விளக்க முயன்றேன். மகள், நான், தூக்குவது என்று கைகளால் நடித்துக் காட்டினேன். பிள்ளையைப் பிரியும் துக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டிக்கொடுத்தார்.

போன வாரம் நான் பெட்டியை எடுக்கப் போனபோது யாழினி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியாக இல்லை.

"பரீட்சை முடியிற வரைக்குமாவது இருக்கலாம்லா, அப்பா?"

எங்கே போகிறோம் என்றேன்.

"ஆஸ்பத்திரில நீங்க சொன்னப்ப நான் தூங்கல. சரசு ஆண்ட்டி, எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் சொல்லல. எனக்குக் காய்ச்சல் வந்ததுக்கு ஏன் எல்லாரும் இங்கேருந்து போகணும்?"

இத்தனை நாளும் அவளைத் தூக்குவதற்காக நான் படியேறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியைப் பார்த்து அவள் கலங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை எழுப்பிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அரிசிப் பைகள், இடுக்கில் திணித்த தலையணை, ஓரத்தில் வெல்லம், டோடோல். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"அடுத்த தடவை உன்னை நானே தூக்கணும்."

அவள் ஒரு அரிசிப் பையை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, "நான் என்ன, அரிசி மூட்டையா?" என்றாள். குரல் உடைந்திருந்தது, சிரிப்பும் இருந்தது. "சரி, இப்பத் தூக்குங்க. நல்லா இருக்கறப்பவே பாத்துடலாம். விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்."

முதுகைக் காட்டிக் குந்தினேன், சரசு அக்கா செய்ததைப்போலவே. ஏறிக்கொண்டாள். எழுந்தேன். முழங்கால்கள் முனகின, ஆனால் என்னுடையவையாகத்தான் இருந்தன. மூன்றாம் மாடியில் சரசு அக்கா கதவைத் திறந்து பதறிப்போனார். ஒன்றுமில்லை ஆண்ட்டி, அப்பா எக்சர்சைஸ் என்று முதுகிலிருந்து பதில் போயிற்று. கீழே பாக்சிக் எங்களைக் கண்டதும் எதுவும் கேட்காமல் காரைக் கிளப்பிவிட்டார். அந்த இன்ஜின் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் இதே கதவு திறந்தது, இதே கார் கிளம்பியது. முசிறித் தெருவில் நடந்ததுதான் இந்தப் படிகளிலும் நடந்தது. செருப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

இப்போது எல்லாருக்கும் உண்மை தெரியும். ஆனால் பொட்டலங்கள் நின்றபாடில்லை. "எப்பனாச்சும் போவீங்கல்ல தம்பி, உள்ளயே கெடக்கட்டும் லா" என்கிறார் சரசு அக்கா. பெட்டியில் ஒரு பக்கம் இங்கே சமைக்கும் அரிசி, மறுபக்கம் அங்கே கொடுக்கவேண்டிய இனிப்பு. நேற்று மாலை இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றேன். கீழே பாக்சிக் வழக்கம்போல கார்ச்சாவியை உயர்த்திக் காட்டினார். மேலே கம்பியில் சாய்ந்து யாழினி, சீக்கிரம் வாங்க அப்பா, சோறு ஆறுது என்றாள். இரண்டு பேருக்கும் கைகாட்டியிருக்கலாம். பெட்டி இரண்டு கையையும் எடுத்துக்கொண்டிருந்தது.