கொளஞ்சியின் அரைக் கரண்டி

கொளஞ்சிக்கு ஊட்டத் தெரியாது என்று சொன்னால் அவள் ஊரான குடிகாட்டில் சிரித்திருப்பார்கள். தன் பிள்ளைகளோடு நாத்தனார் பிள்ளைகளுக்கும் சங்கில் பால் ஊற்றி வளர்த்தவள். அவளிடம் அதை முதலில் சொன்னவர் ஜான்சி டீச்சர்தான்.

அது 2009. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள எங்களுக்குப் பயிற்சி நடந்தது. டீச்சருக்கு முப்பது வயதுகூட இல்லை. நாங்கள் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். நாங்களெல்லாம் வேலைக்காக வந்தோம். கொளஞ்சி வந்தது கணவருக்காக. டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த வைத்திலிங்கத்துக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குள் போய், நிமோனியாவில் ஒரு முறை செத்துப் பிழைத்திருந்தார். இன்னொரு முறை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி இறங்கியது. முறையாக ஊட்ட ஆள் இருந்தால் குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஆளாக ஆவதற்குத்தான் அவள் தினமும் பஸ் ஏறி வந்தாள்.

வகுப்பில் ஜோடி ஜோடியாகப் பழக வேண்டும். கொளஞ்சிக்கு நான்தான் நோயாளி. முதல் நாள் என் மோவாயைத் தூக்கிப் பிடித்து, டம்ளரை உதட்டில் படாமல் உயர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தானே குடிக்கிறோம். நல்ல உடம்போடு இருந்த எனக்கே புரையேறியது.

டீச்சர் டம்ளரை வாங்கி வைத்தார். “அக்கா, அண்ணாந்தா மூச்சுக்கொழாய்க்கு வாசலத் தொறந்து வுட்ட மாதிரி. மோவா கீழ வரணும்.”

நிமிர்த்தி உட்கார வைப்பது, கெட்டிக் கஞ்சியை அரைக் கரண்டி மட்டும் எடுப்பது, நல்ல பக்கக் கன்னத்தில் வைப்பது எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. தொண்டை ஏறி இறங்கும் வரை காத்திருப்பது மட்டும் வரவில்லை. நான் விழுங்கும் முன்பே அடுத்த கரண்டி வாயருகே வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் டீச்சர் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் நாங்கள் இருவரும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்போம். கொளஞ்சி பாஸ் பண்ணுவதற்குள் நான் ரெண்டு சுற்றுப் பெருத்துவிடுவேன் என்று திட்டக்குடி தமிழ்ச்செல்வி கிண்டல் செய்வாள்.

ஒரு நாள் கொளஞ்சி கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். “எங்க ஊட்டுக்காரருக்கு நான் ஊட்டுறதுக்கு இத்தினி பரீட்சையா டீச்சரு?”

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, கஞ்சி வழிந்த அவள் விரல்களைத் துடைத்துவிட்டார். “நீங்க பாசமா ஊட்டுறீங்கக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு. பாசம் அவசரப்படும்.”

அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து, அவள் ஊட்டும்போது எங்களைப் பேச்சுக் கொடுக்கவும் பாத்திரத்தைத் தட்டவும் சொன்னார். வீடு இப்படித்தான் இருக்கும் என்றார். எனக்கே அது கொஞ்சம் ஜாஸ்தியாகப் பட்டது. ஆனால் ஒரு நாள் கொளஞ்சி தமிழ்ச்செல்வியோடு வாயாடிக்கொண்டே என் தொண்டையைப் பார்த்தபடி இருந்தாள். கரண்டி தானாக நின்றது. டீச்சர் முதலிலிருந்து தொடங்கச் சொல்லாமல் அடுத்த ஜோடியிடம் போனார். அதுதான் பாராட்டு.

டாக்டர் அவள் ஊட்டுவதைப் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தார்.

அந்த மார்கழியில், திருவாதிரைக்கு மறுநாள், சிதம்பரத்திலிருந்து கொழுந்தன் அன்பரசு களி கொண்டுவந்தார். நானும் போயிருந்தேன். வீடு நிறைய சொந்தக்காரர்கள். கொளஞ்சி அடுப்படியில் இருந்தாள். அண்ணனைப் பார்த்த கலக்கத்தில் அன்பரசு ஒரு கவளம் களியை அவர் வாயில் வைத்து, தலையை நிமிர்த்திச் சொம்பை உயர்த்தினார். நான் எழுவதற்குள் கொளஞ்சி வந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். கணவரை முன்னால் சாய்த்து, கன்னத்தில் அடைந்திருந்த களியை விரலால் வழித்தெடுத்தாள். சாமி பிரசாதத்தை வாயிலிருந்து பிடுங்குகிறாளே என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

“எங்கண்ணனுக்கு ஒரு வாய் குடுக்க எனக்குப் பாத்தியம் இல்லியா அண்ணி?” என்றார் அன்பரசு.

“இருக்கு தம்பி. கையக் கழுவிட்டு உக்காருங்க. சொல்லித் தரேன்.”

அவ்வளவு கூச்சலிலும் அவள் கையும் குரலும் பதறவில்லை. களியைப் பால் விட்டுக் கட்டியில்லாமல் மசித்தாள். அன்பரசு அவசரப்பட்டபோதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, அண்ணன் தொண்டையைப் பார்க்கச் சொன்னாள். வைத்திலிங்கம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு மெல்ல விழுங்கினார். அன்பரசு கண்ணைத் துடைக்கப் போனார். ஊட்டும்போது கவனம் வேறு எங்கும் போகக் கூடாதென்று அதற்கும் அவளிடம் திட்டு வாங்கினார்.

அந்தப் பனிக்காலம் காய்ச்சல் இல்லாமல் கழிந்தது. மூன்று வருடம் ஆகப்போகிறது. வைத்திலிங்கம் இப்போது முள் எடுத்து மசித்த மீன் குழம்புச் சோறு சாப்பிடுகிறார். உப்பு போதவில்லை என்று குழறிக் குழறிச் சண்டை போடுகிறார். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுச் சண்டைக்கு வரச் சொல்லியிருக்கிறாள் கொளஞ்சி.