வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

ஊராட்சித் தேர்தல் நடக்காததால், எங்கள் ஊருக்குத் தலைவருக்குப் பதில் தனி அலுவலர் ஒருவர் வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கிராம சபை முடியும்வரை ஜீப் இன்ஜினை அணைக்க விடமாட்டார்.

தெருக்குழாயில் ஒரு மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்று தீர்மானம் எழுதச் சொன்னேன். தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

“மொதல்ல கையெழுத்துப் போடுங்க. கிளார்க் பெறகு எழுதிக்குவாரு.”

“படிச்சுப் பாத்துட்டுத்தாங்க போடுவேன்.”

“எங்களையே நம்பலைன்னா எப்புடிங்க?” என்று சிரித்தார். வெளியே ஜீப் உறுமியது. போட்டுத் தொலைத்தேன்.

பிறகு நகல் வாங்கிப் பார்த்தேன். ‘குடிநீர் தடையின்றி வழங்கப்படுவதற்குக் கிராம சபை நன்றி தெரிவிக்கிறது.’ கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

அந்த ஆள் மாற்றலாகிப் போய்விட்டார். குழாயில் இன்னும் காற்றுதான் வருகிறது. புகார் கொடுக்கப் போனால், அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.