எட்டு ஐம்பத்தொன்று

என் சித்தியின் கல்யாணத்தை நடத்திவைத்தது நான்தான். இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், அஞ்சாம் வகுப்புப் பிள்ளை மாப்பிள்ளை பார்த்தாளாக்கும் என்று. மாப்பிள்ளை பார்த்தது அப்பாதான். அதற்கு வழிவிட்டவள் நான்.

சித்தி அம்மாவுக்குத் தங்கை. தாத்தா இறந்த பிறகு சின்னமனூரில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் படித்தவள். மெட்ராஸில் ஒரு கம்பெனி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போட்டி வைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அதை நடத்திக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சித்தி எழுதிப்போட்டாள், வந்துவிட்டது. முதல் போட்டியை ஒழுங்காக முடித்துக் காட்டினால் நிரந்தர வேலை. அப்பா அதற்கு ஒரு கெடு வைத்தார்.

“மெட்ராஸ்காரக வேலை குடுத்தாகன்னா சரி. இல்லையின்னா தை மாசத்துக்கு, பொண்ணு கேட்டு வந்த உடுமலைக்காரகளுக்குச் சம்மதம்னு தாக்கல் சொல்லிருவேன். அப்புறம் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.”

சித்தி, “சரி மாமா” என்றாள். அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் கால் வீட்டில் தங்கவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினாள். தமிழையே தப்பில்லாமல் எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று பாதி வாத்தியார்கள் கையை விரித்தார்கள். கடைசியில் எட்டுப் பிள்ளைகள் தேறினார்கள். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள். திராட்சைப் பெட்டி அட்டையில் கீபோர்டு வரைந்து, அதில் விரல் வைத்துப் பழக்கினாள். வீட்டுப் பிள்ளை கலந்துகொண்டால் ஊர் ஒரு மாதிரி பேசும் என்று என்னைச் சேர்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் சித்தி ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அவள் போய்விட்டால் ராத்திரி யார் பக்கத்தில் படுப்பேன்?

போட்டி ஒரு சனிக்கிழமை. காலை எட்டரையிலிருந்து பகல் பன்னிரண்டு வரை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், தொடங்கினால் நாற்பது நிமிஷம். கரண்டுக்கு டைம்டேபிள் போட்டு நிறுத்திய காலம் அது. எங்கள் பக்கம் பதினோரு மணிக்குப் போய்விடும். மார்க்கையன்கோட்டைப் பிள்ளைகள் வரும் பஸ் ஒன்பதேகாலுக்குத்தான் வரும். கூட்டிக் கழித்துப் பார்த்து ஒன்பதரைக்குத் தொடங்குவது என்று சித்தி முடிவு செய்தாள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்.

“பத்தரைக்கு மேல ஆரம்பிச்சா பாதியில கரண்டு போயிரும்க்கா. ராகுவப் பாத்தா ஆகுமா?” என்றாள் சித்தி.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இதற்கு ஒரு வழி உண்டு என்பது எனக்குத் தெரியும். அப்பா வெளியூர் கிளம்பும் நேரம் ராகு காலத்தில் விழுந்தால், அம்மா அவர் பையை முன்கூட்டியே நல்ல நேரத்தில் எடுத்துப்போய் எதிர்வீட்டில் வைத்துவிடுவாள். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய கணக்குத்தான். பிறகு எத்தனை மணிக்குப் புறப்பட்டாலும் தோஷமில்லை.

போட்டி நடந்தது கடைவீதியில் ஒரு ராவுத்தரின் பிரௌசிங் சென்டரில். அவர் கடையைத் திறந்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். சித்தி எட்டு கம்ப்யூட்டரிலும் பிள்ளைகளின் நம்பரை அடித்து, பச்சைப் பொத்தான் தெரிகிற பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். உள்ளூர்ப் பிள்ளைகளையும் பஸ் ஸ்டாண்டுக்கே வரச் சொல்லியிருந்ததால், மொத்தமாகக் கூட்டிவர எட்டே முக்காலுக்கே கிளம்பிவிட்டாள்.

“எதையும் தொட்ராத ஆத்தா. இங்கனயே உக்காந்திரு.”

சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எழுந்து போய், பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, எட்டுப் பச்சைப் பொத்தானையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். பிறகு மானிட்டர்களை மட்டும் அணைத்தேன். மேஜைமேல் கிடந்த ஹெட்போன்களிலிருந்து ஒரு பெண் குரல் சன்னமாக இங்கிலீஷ் சொல்லிக்கொண்டே இருந்தது. கோயிலில் அர்ச்சனை கேட்பதுபோல எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்பதரை தாண்டியதும் சித்தி பிள்ளைகளோடு வந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள். நாலைந்து அப்பாமார்கள் வாசலில் நின்றார்கள். ஒருவர் அன்றைய வாழைத்தார் வெட்டை விட்டுவிட்டு வந்திருந்தார். சித்தி மானிட்டர்களைப் போட்டாள். எட்டிலும் போட்டி முடிந்தது, மதிப்பெண் பூஜ்யம் என்று இருந்தது.

அவள் மெட்ராஸுக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். ஒரு நம்பருக்கு ஒரு தடவைதான், ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். மார்க்கையன்கோட்டைப் பிள்ளை ஒன்று நாற்காலியை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதது. அதன் விரல்கள் கீபோர்டிலேயே இருந்தன. அப்பாவும் வந்து சேர்ந்தார்.

சித்தி ஒரு திரையின் மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

“நாந்தேன் மாமா. சரியா இருக்கான்னு பாக்கயில அமுக்கிட்டேன்.”

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ராகு காலத்துக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் தொடங்கிவைத்து நான் காப்பாற்றியதை, இவள் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டாளே என்று. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

தை மாதம் கல்யாணம். மணவறைக்குப் போகுமுன் அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. நீ அன்னைக்கு அதைத் தொடாமல் இருந்திருந்தால் இங்கேயே இருந்திருக்கலாம் இல்லையா என்று கேட்டேன்.

“ஆமா ஆத்தா,” என்றாள். “என் தப்புத்தேன்.”

காலேஜ் முடித்து ஒரு வேலைக்கு ஆன்லைனில் பரீட்சை எழுத உட்கார்ந்தேன். பச்சைப் பொத்தான். அழுத்தியதும் நேரம் ஓடத் தொடங்கும், மறுபடி தொடங்க முடியாது என்று அதன் கீழே எழுதியிருந்தது. படித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. சித்தி பார்த்த அந்தத் திரையின் மூலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் அதை அன்று பார்த்தேன். தொடங்கிய நேரம் எட்டு ஐம்பத்தொன்று. சித்தி அப்போது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள்.