பறிக்குள் கிடந்த பந்து

அந்தப் பந்தை எடுத்தவள் நான்தான். பசியாவரத்துச் செங்கானின் மனைவி, அஞ்சலை. அதற்காகப் பழவேற்காட்டுக் கோட்டை வாசலில் சவுக்கடி வாங்கியவன் வேறொருவன்.

இத்தனை ஆண்டுகளில் இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. என் கணவனிடமும் சொன்னதில்லை. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல! பந்தை எடுத்ததற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்தியதில்லை. இனியும் சிந்தமாட்டேன்.

மற்றொன்று இருக்கிறது... அதற்கு வருகிறேன்.

நம் ஊர்த் துணியை ஏற்றிக்கொண்டு கிழக்கே போய், ஜப்பான் சரக்கோடு திரும்பி வரும் கப்பலை நாங்கள் ஜப்பான் கப்பல் என்போம். நான் சிறுமியாக இருந்தபோது, அந்தக் கப்பலில் ஓர் ஒல்லாந்து அதிகாரி கோட்டைக்கு வந்தார். ஜப்பானில் பல ஆண்டுகள் இருந்தவர். கறுப்பு மெருகு பூசி, பொன்னிறக் கொக்குகள் வரைந்த ஒரு பெட்டியை அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். இங்கே ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். அதில் வெல்பவருக்கு அந்தப் பெட்டி. அடுத்த ஆண்டு வெல்பவர் வரும்வரை அவரிடமே இருக்கும். கோட்டைக்காரர்களுக்கும் ஜப்பான் கப்பல்காரர்களுக்கும் போட்டி.

ஆட்டம் என்னவென்று கேட்கிறீர்களா? முனை வளைந்த மட்டையால் ஒரு தோல்பந்தை அடிப்பார்கள். தொலைவில் நட்ட கம்பத்தைக் குறைந்த அடிகளில் எவன் தொடுகிறானோ அவன் வென்றான். அவ்வளவுதான்! அதற்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது மேடுபள்ளம் இல்லாத, இறுகிய தரை. அந்தத் தரை எங்கள் ஏரியில் இருந்தது.

மாசி பிறந்தால் ஏரி வற்றும். தண்ணீர் பின்வாங்கிய சேற்றுத் திடலில் அங்கங்கே குட்டைகள் மிஞ்சும். இறால் அத்தனையும் அவற்றில் வந்து ஒடுங்கும். வலையில்லாத எங்களுக்கு அதுதான் அறுவடை. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குந்தியபடியே நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்போம். பிடித்ததைக் கழுத்தடியில் தொங்கும் அந்த ஓலைக்கூடைக்குள் போடுவோம்.

என் கணவன் செங்கான் அந்த ஆட்டத்துக்குக் கம்பம் நடுகிறவன், பந்து தேடுகிறவன். அவனுக்குக் கூட்டாளி மஸ்தான். இருவரும் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். ஆட்டத்தின் கதை முழுவதும் செங்கானுக்கு மனப்பாடம்.

"மொத வருசம் நாலே பேரு, ஒரே கம்பம். காலைல ஆரம்பிச்சு வெயில் ஏற்றதுக்குள்ள முட்ஞ்சிபோச்சு. இப்போ பாரு, ரெண்டு கம்பம், கூடாரம், கொட்டு, மெட்ராஸ்லேர்ந்து தொரைங்க! இன்னா மாதிரி வளந்துக்குது!" என்பான், தான் பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

வளர்ந்தது உண்மைதான். எங்கள் பசியும் கூடவே வளர்ந்தது! ஈரச் சேற்றில் கால் வைத்தால் தடம் விழும். தடம் காய்ந்தால் குழியாகும். குழியில் பந்து நின்றுவிடும். ஆகையால் திடலில் எவரும் கால் வைக்கக்கூடாதென்று தடை போட்டார்கள். முதலில் ஒரு நாள். பிறகு பத்து நாள். கடைசியில் மாசி பௌர்ணமி தொடங்கி ஆட்டம் முடியும்வரை. குட்டைகளில் இறால் கொதிக்கும். நாங்கள் கரையில் நின்று பார்ப்போம். பிறகு வெயிலில் அவை செத்து நாறும்.

ஓர் ஆண்டு என் தங்கை கன்னியம்மா இறங்கிவிட்டாள். அவள் குழந்தைகள் இரண்டு நாளாகச் சோறு கண்டிருக்கவில்லை. காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் அவள் வலக்கையில் அடித்தான். இரண்டு விரல்கள் முறிந்தன. கையால் மீன் பிடிப்பவளுக்கு விரல்!

செங்கானிடம் போய் அழுதேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"தட போட்ட எடத்துல அவ இன்னாத்துக்குக் கால வெச்சா? தடம் வியுந்தா ஆட்டம் கெட்டுப்பூடும்னு தெரியாதா?"

அன்றே அந்த ஆட்டம் என் பகையாயிற்று.

அடுத்த ஆண்டு ஆட்டத்தின் இறுதி நாள். கோட்டையின் இரண்டாம் அதிகாரியும் ஜப்பான் கப்பல் தலைவனும் சமமாக நின்றார்கள். அதிகாரிக்கு இரண்டு அடி மிச்சம். ஒன்றை அடித்தான். பந்து கம்பத்தின் ஓரத்தை உரசாமல் தாண்டி ஓடி, திடலோரத்து வாய்க்காலில் விழுந்து மறைந்தது. பந்து கிடைத்தால் மிஞ்சிய அடியை அடிக்கலாம். கிடைக்காவிட்டால் அவனுக்குத் தோல்வி. செங்கானும் மஸ்தானும் முதலில் குனிந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. கோட்டைக்காரர்களுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி கரையைப் பார்த்துக் கத்தினார்:

"பொம்பளைங்க இறங்குங்கடி! உங்க கைக்குத்தான் மாட்டும்!"

பாருங்கள்! அன்றைக்கு மட்டும் எங்கள் கால் தடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது!

பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். பழக்கத்தால் என் கை இரண்டு இறாலைப் பிடித்துப் போட்டது. அப்புறம் விரலில் அது பட்டது. மீசையில்லை, கொடுக்கில்லை. உருண்டையாக, தையலோடு...

திட்டம் போட்டேனா? இல்லை. ஒரு மூச்சு நேரம் கூட யோசிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தால் கைதட்டுவார்கள். அடுத்த ஆண்டு மூன்றாவது கம்பம் நடுவார்கள். அவ்வளவுதான் நெஞ்சில் ஓடியது. பறிக்குள் போட்டு, மேலே சேற்றையும் இறாலையும் அள்ளிப் போட்டேன். துபாஷி கேட்டார். வாயில் பறி இருந்ததால் பேச வேண்டியிருக்கவில்லை. இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கப்பல் தலைவன் தான் வென்றதாகக் கூவினான். அவன் ஆள் வைத்துப் பந்தை எடுத்துவிட்டான் என்று அதிகாரி பாய்ந்தான். கத்திகள் உருவப்பட்டன. ஒருவனுடைய வெள்ளைச் சட்டைக்கை சிவந்தது. விலக்கிவிட்ட பிறகு, திருடனைத் தேடினார்கள். செங்கானையும் மஸ்தானையும் துணி உருவிச் சோதித்தார்கள். எங்கள் பறிகளை எவரும் தொடவில்லை, நாற்றம்!

துபாஷி என்னிடம் வந்தார். "மொதல்ல குனிஞ்சது ரெண்டு பேரு. கிட்ட இருந்தவ நீ. எவன் எடுத்தான்? சொல்லலைன்னா ரெண்டு பேருக்கும் அடி."

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்கள்! ஒருவன் என் தாலிக்கு உரியவன். இருவர் அடிபடுவதைவிட ஒருவன் மேலில்லையா? இப்படித்தான் எனக்கு நானே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டேன். மூன்றாவதாக ஒரு விடையும் இருந்தது. "நான்" என்ற விடை. அது என் வாயில் வரவில்லை.

மஸ்தானைக் காட்டினேன்.

அவன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான்! நான் வேறு யாரையோ காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். பின்னால் எவரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைப் பார்த்தான்.

கோட்டை வாசலில், பத்தாவது சவுக்கடியில் "நாந்தான் எடுத்தேன், தண்ணியில எறிஞ்சிட்டேன்" என்று அலறினான். நான் கேட்டேன். கூட்டத்தில் நின்று காதால் கேட்டேன். அவனைப் பழவேற்காட்டில் தங்கக்கூடாதென்று துரத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பந்தை அரிந்து அடுப்பில் போட்டேன். உள்ளே மாட்டு மயிர் திணித்திருந்தார்கள். நாற்றம் வீட்டை நிறைத்தபோது செங்கான் உள்ளே வந்தான். அவன் எதையும் முகரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"கூட இருந்தே கெட்த்துட்டானே பாவி! இத்தினி வருச ஆட்டத்த ஒரே நாள்ல அயிச்சிட்டானே!"

அழித்தவளான நான் அவனுக்குச் சோறு போட்டேன்.

கப்பல் தலைவன் கொக்குப் பெட்டியோடு கடலேறினான். அது திரும்பி வரவேயில்லை. கத்தி உருவிய ஆட்டம் இனி வேண்டாமென்று கோட்டைத் தலைவர் கம்பங்களைப் பிடுங்கச் சொன்னார். அடுத்த மாசியில் திடலில் காவல் இல்லை. நாங்கள் அறுபது பெண்கள் இறங்கினோம். கன்னியம்மா இடக்கையால் துழாவக் கற்றுக்கொண்டாள். அவள் பிள்ளைகள் வயிறு புடைக்கத் தின்று மணலில் உருண்டார்கள். அதைப் பார்த்த கண்ணால் சொல்கிறேன்: இன்னொரு பந்து அகப்பட்டால் அதையும் எடுப்பேன்! என்னைத் திருடி என்று அழையுங்கள். எனக்குக் கவலையில்லை!

சாகும்வரை செங்கான் மஸ்தானைச் சபித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

செங்கான் இறந்த எட்டாம் நாள் மஸ்தான் வந்தான். தெற்கே காட்டுப்பள்ளியில் குடியிருந்தானாம். முடி வெளுத்து, முதுகு கூனிப்போயிருந்தது. நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். மற்றவர்கள் எழுந்து போனபின் மெல்லக் கேட்டான்.

"கடசி வரிக்கும் நாந்தான்னு நம்பினானாம்மா?"

"ஆமா."

"ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்காத. அடிச்ச அடியில நாந்தான்னு ஒத்துக்கினேன். அப்பால எனக்கே சந்தேகமா பூடுச்சு... ஒருவேள நெசமாவே எடுத்துட்டு மறந்துட்டேனோ? நீ பாத்தியா, என் கைய?"

அப்போது ஆட்டம் இல்லை. அதை ஆடிய அதிகாரிகள் இல்லை. காப்பாற்ற வேண்டிய கணவன் இல்லை. எனக்கு என்ன பயம்? எதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது? என் முகத்தை! அதை மட்டும்தான்!

"பாத்தேன்" என்றேன்.

அவன் தலையாட்டினான். "அப்போ சரி" என்றான். ஏதோ நெடுநாள் தேடிய பதில் கிடைத்தவனைப்போல எழுந்து, மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு நடந்தான்.

இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். காட்டுப்பள்ளி இங்கிருந்து படகில் அரை நாள். படகுக்காரன் என் தங்கை மகன்தான். கேட்டால் கொண்டுபோய் விடுவான்.

நான் கேட்கவில்லை.